மழை விட்ட மறுநாள்

மண்சரிவு வேலைக்கென்று பதுளை அலுவலகத்துக்குப் புதிதாக நான்கு பேர் வந்திருப்பதாகவும், அவர்களுக்காக நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டார்கள். நான் ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. மழைமானி பார்ப்பது, சரிவின் கோணம் அளப்பது, வரைபடத்தில் நிறம் தீட்டுவது எல்லாவற்றையும் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். அதில் வராத இரண்டு சம்பவங்களை மட்டும் நான் எழுதுகிறேன். ஒன்றில் நான் தவறு செய்தேன். மற்றதில் செய்தது தவறா சரியா என்று இப்போதும் சில நாட்கள் யோசிப்பதுண்டு.

நான் பதுளைக் கடைத்தெருவில் வளர்ந்தவள். அப்பாவுக்கு அலுமினியப் பாத்திரம், கயிறு, மண்வெட்டி விற்கும் கடை. தேயிலைத் தோட்டத்துச் சனங்களைக் கடை மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேனே தவிர, இந்த வேலைக்கு வரும்வரை அவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயத்துக்குள் கால் வைத்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களிலும் டவுன் பிள்ளைகள் இருப்பீர்கள். அவர்கள் பேசுவதும் தமிழ், நாம் பேசுவதும் தமிழ். அதனால் அவர்கள் சொல்வதெல்லாம் நமக்கு விளங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வோம். எனக்கு நடந்தது அதுதான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஐப்பசி மழை. பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு அறையாகப் பன்னிரண்டு காம்பரா உள்ள ஒரு லயத்தைப் பார்க்க அனுப்பினார்கள். லயத்தின் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்மேடு. மேட்டைப் பார்த்தேன். வெடிப்பு இல்லை, நீர்க்கசிவு இல்லை. லயத்து வாசலில் நின்று படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, பகல் சாப்பாட்டுக்காகக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து வந்த ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றார். பெயர் லெச்சுமி.

“மிஸ், எங்க காம்பராவுல கதவு சாத்த மாட்டேங்குது. மூணு நாளா இப்படித்தான்.”

“மழைக்கு மரம் ஊறியிருக்கும். வெயில் வந்தா சரியாயிரும்.”

“முன்ன எந்த மழைக்கும் இப்படி ஆகலியே மிஸ்.”

“எத்தன வருஷத்துக் கதவு அது?”

“அது கெடக்கு, என் மாமனாரு கல்யாணத்துக்கு முந்தியே போட்டது.”

“பின்ன என்ன,” என்று சொல்லிச் சிரித்தேன். லெச்சுமியும் சிரித்தார். உத்தியோகத்தர் சிரித்தால் சனங்களும் சிரிப்பார்கள், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. படிவத்தில் கதவுக்கென்று ஒரு கட்டம் இல்லை. எதுவும் எழுதாமல் கையெழுத்திட்டுவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் முற்பகல், வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் மலையில் இருந்த நேரம், மண்மேடு லயத்தின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. நான்கு காம்பராக்கள் போயின. அதில் ஒன்று லெச்சுமியுடையது. அவருடைய மாமனார் பாரிசவாதம் வந்து படுக்கையில் இருந்தவர். அவரை வெளியே எடுக்க மாலையாகிவிட்டது. உயிர் இல்லை.

செத்த வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். லெச்சுமி என்னைக் கண்டதும் எழுந்து வந்து, “நான் சொன்னேன்ல மிஸ்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொன்னோமா இல்லையா என்று தன்னையே சரிபார்த்துக்கொள்வதுபோல் இருந்தது. பிறகு எனக்குத் தேத்தண்ணி கொடுக்கும்படி யாரிடமோ சொன்னார்.

அந்தக் கதவில் மரம் ஊறவில்லை. தரை மெல்ல நகர்ந்ததில் கதவு நிலை கோணியிருந்தது. மேல் மூலையில் ஒரு பக்கம் இடைவெளியும் மறுபக்கம் இறுக்கமும் இருந்திருக்கும். போய்ப் பார்த்திருந்தால் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். அதற்கான படிப்பு என்னிடம் இருந்தது. கதவு இருபது அடி தூரத்தில்தான் இருந்தது. நான் நடக்கவில்லை. அதன் பிறகு எந்த லயத்துக்குப் போனாலும் ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்த்தேன். அலுவலகத்தில் கேலி செய்தார்கள். செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது சம்பவம் இதற்குப் பதினைந்து வருடங்களுக்குப் பின். நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டம். அதன் மேற்பிரிவில் முதுகோடு முதுகாகக் கட்டிய ஒரு பழைய இரட்டை லயம், இருபத்துநாலு காம்பரா. விடாமல் பெய்த மழையின் மூன்றாம் நாள், லயத்துக்கு மேலே தேயிலைக்குள் ஒரு வெடிப்பு கண்டார்கள். உள்ளங்கை நுழையும் அகலம், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பிறை மாதிரி வளைந்து போனது. அன்றைக்கே எல்லாக் குடும்பங்களையும் கீழ்ப்பிரிவுப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கினோம்.

இறக்குவது கஷ்டமாக இருக்கவில்லை. கொட்டுகிற மழையே பாதி வேலையைச் செய்துவிடும். புதிதாக வருகிறவர்கள் பெருமழையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நான் பயந்ததெல்லாம் அதற்கு அடுத்த நாளை நினைத்து.

ஐந்தாம் நாள் மாலை மழை விட்டது. மறுநாள் காலையில் நல்ல வெயில். நமுனுகுல உச்சி கழுவி வைத்தது மாதிரி தெரிந்தது. பள்ளிக்கூட வேலி முழுக்கப் போர்வையும் பாயும் காய்ந்தன. பிள்ளைகள் மைதானத்தில் கிரிக்கெட் விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். காலை அறிவித்தலில் மண்சரிவு எச்சரிக்கை சிவப்பிலிருந்து ஒரு படி இறங்கியிருந்தது. அதில் பிழை இல்லை. அறிவித்தல் ஒரு பிரதேசம் முழுவதற்கும் பொதுவானது. என் முன்னால் இருந்தது ஒரே ஒரு மலை.

தோட்டத் தலைவர் முத்தையா என்னிடம் வந்தார். தொழிற்சங்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், மூன்று நாளாகச் சனங்களுக்குச் சோறு, பால்மா, மருந்து என்று ஓடியாடி அலைந்தவர்.

“மிஸ், சனங்க வீட்டுக்குப் போகணும்ங்கிறாங்க. ஒரே ஹோலுக்குள்ள நூறு பேரு, பொம்பளப் புள்ளைங்களுக்குக் கஷ்டம். மழையும் விட்டுருச்சி.”

“மேல போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன் தலைவர். அதுவரைக்கும் யாரையும் விட வேணாம்.”

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் குறுக்கே வந்தார். கிருஷ்ணவேணி என்று பெயர், முப்பத்தைந்து வயது சொல்லலாம். கணவர் ராஜு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர்.

“மிஸ், மாட்டுப்பட்டியில என் மாடு நிக்கிது. இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போட்டுரும். வச்சிட்டு வந்த புல்லு முடிஞ்சிருக்கும்.”

“பாப்போம்,” என்றேன்.

அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் முத்தையாவோடு புறப்படும் அவசரத்தில் சொன்னது. அலுவலகத்தில் அது ஒரு பதிலாக நடமாடும். கன்று போடப் போகிற மாட்டை வைத்திருக்கும் ஒருவருக்கு, இவர்கள் பார்க்க மாட்டார்கள் என்றுதான் அது கேட்கும்.

மேற்பிரிவுக்கு இரண்டு வழி. ஒன்று தேயிலைக்குள்ளே நேராக ஏறும் குறுக்குப் பாதை, இருபத்தைந்து நிமிடம். அது வெடிப்புக்கு நேர் கீழே போகிறது. மற்றது மலை முதுகோடு, டர்பன்டைன் மரக் காட்டுக்குள்ளால் சுற்றிப் போகும் பழைய வண்டிப்பாதை. முக்கால் மணி நேரம் எடுக்கும். நாங்கள் காட்டு வழியாகப் போனோம்.

வெடிப்பின் இரண்டு பக்கமும் முந்தின நாள் நான் முளை அடித்து, இடைவெளியை அளந்து எழுதி வைத்திருந்தேன். மறுபடி அளந்தேன். இரண்டு விரல் கூடியிருந்தது. முந்தின நாள் மாலையிலிருந்து ஒரு துளி மழை இல்லை.

மலை ஊற்றிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் தரும் பீலி அந்த வெடிப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. காட்டோரமாக நின்று பார்த்தோம். ஐந்து நாள் மழைக்குப் பிறகு அது கொட்ட வேண்டும். நூல் மாதிரி வடிந்துகொண்டிருந்தது.

“மழ நின்டுருச்சில்ல மிஸ், தண்ணி கொறையத்தான செய்யும்,” என்றார் முத்தையா.

“போன வருஷம் பெருமழைக்கு அப்பறம் எத்தன நாளு கொட்டிச்சி?”

அவர் யோசித்தார். “ஒரு மாசம் இருக்கும். பொம்பளைங்க பாத்திரம் வைக்க ஏலாதுன்னு திட்டுனாங்க.”

“அப்ப இந்தத் தண்ணி எங்க போகுது தலைவர்?”

அவர் பீலியைப் பார்த்தார். பிறகு எங்கள் காலடியில் இருந்த மண்ணைப் பார்த்தார். அதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெளியே வர வேண்டிய தண்ணீர் மலைக்குள்ளேயே நின்றது. மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மலை முதுகில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய், பதுளையில் இருந்த என் மேலதிகாரியை அழைத்தேன். அவர் சிங்களவர். அதிகம் பேசாத மனிதர். முளை அளவையும் பீலியையும் சொல்லி, மக்களை இன்னும் இரண்டு நாள் மறித்து வைக்கப் போகிறேன் என்றேன். எச்சரிக்கை இறங்கிவிட்டதே என்று கேட்பார் என எதிர்பார்த்து, அதற்கு ஒரு பதிலையும் தயாராக வைத்திருந்தேன்.

“நீங்கள் மலையில் நிற்கிறீர்கள். நான் அலுவலகத்துக் கதிரையில் இருக்கிறேன். சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்,” என்றார்.

நேரத்தையும் நான் சொன்னதையும் எழுதினார், திருப்பி வாசித்துக் காட்டினார், வைத்துவிட்டார். நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நான் தடுமாறியிருப்பேன். நிச்சயம் என்று ஒன்று என்னிடம் இருக்கவில்லை. உங்களில் யாராவது ஒருநாள் அந்தக் கதிரைக்குப் போவீர்கள். மலையில் நிற்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

கீழே வந்தபோது தோட்டத்தை நிர்வகிக்கும் துரை பள்ளிக்கூட வாசலில் நின்றார். இளம் வயது, அந்தத் தோட்டத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“மிஸ், எச்சரிக்கை கொறஞ்சிட்டுது தானே. நான் எதைக் காட்டி இவங்கள நிப்பாட்டுறது? நாளைக்கு என்னைக் கேப்பாங்க.”

“நான் எழுதித் தர்றேன்.”

பள்ளிக்கூடத்தில் ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கி, ஒரு தாளில், மேற்பிரிவு லயத்துக்கும் அதன் மேலும் கீழும் உள்ள தேயிலை மலைகளுக்கும் யாரும் போகக் கூடாது என்று எழுதி, பெயரும் நேரமும் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு அது போதும். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து மலைகளில் அன்றைக்கு வேலை இல்லை என்று கங்காணிமாருக்குச் சொல்லி அனுப்பினார். அவர் பயந்தது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. பயப்படுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தாள் கொடுத்தால் வேலை நடக்கும்.

பிறகு சனங்களிடம் சொன்னேன். வெயிலில் நின்று அதைச் சொல்வது எனக்கே விசித்திரமாக இருந்தது. ஒருவர், “மழையில போகாதன்னீங்க, இப்ப வெயில்லயும் போகாதன்னா நாங்க எப்பத்தான் போறது?” என்று கேட்டார். முத்தையா எனக்கு முன்னால் வந்து பேசினார். வெடிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை. “பீலி நின்டு போச்சி,” என்றார். அதைக் கேட்டதும் பெண்கள் பக்கத்தில் பேச்சு அடங்கியது. ஆண்டுக்கணக்காக அந்தத் தண்ணீரைச் சுமந்தவர்கள் அவர்கள்.

நான் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பன்னிரண்டு மணி தாண்டியிருக்கும். மதியச் சோறு பங்கிடும்போது கிருஷ்ணவேணி இல்லை என்று தெரிந்தது. மைதானத்து ஓரத்திலிருந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் மேற்பிரிவு லயத்தின் தகரக்கூரை தெரியும். யாரோ கையை நீட்டிக் காட்டினார்கள். லயத்துக்குப் பக்கத்தில் ஒரு புல்லுக்கட்டு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தலையில் சுமந்தபடி மாட்டுப்பட்டிக்குள் போகிறார். குறுக்குப் பாதையில் போயிருக்கிறார். கைத்தொலைபேசி பள்ளிக்கூடத்திலேயே, சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

ராஜு குறுக்குப் பாதையை நோக்கி ஓடினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். பாதை தொடங்கும் இடத்தில் நான் குறுக்கே போய் நின்றேன்.

“போகாதீங்க.”

“அவ மேல நிக்கிறா மிஸ்.”

“தெரியும். ஒருத்தர் போயிருக்காங்க. அத நாலா ஆக்க மாட்டேன்.”

“என் பொஞ்சாதி மிஸ் அவ.”

“தலைவர், இவர பிடிங்க,” என்றேன்.

முத்தையா என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு பிடித்தார். இன்னும் இருவர் சேர்ந்துதான் ராஜுவை அடக்க முடிந்தது. பள்ளிக்கூடப் படியில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். அவர் திமிறினாரே தவிர, என்னைத் திட்டவில்லை.

மேலே போக இருபத்தைந்து நிமிடம், ஒரு பயந்த பெண்ணோடு திரும்பி வர அதற்கு மேல். அவ்வளவு நேரமும் வெடிப்புக்கு நேர் கீழே. நான் போட்ட கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கைப் போட எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஜீப் சாரதி சுனில்தான் அடுத்த வழியைச் சொன்னார். “மிஸ், கோயில்ல ஸ்பீக்கர் இருக்கு தானே.” ஐந்து நாளாகக் கரண்ட் இல்லை. அவர் ஜீப்பைப் பக்கத்திலிருந்த கோயில் வாசல்வரை கொண்டுபோய், வண்டியின் பெட்டரியிலிருந்து வயர் இழுத்து ஆம்பிளிபயரில் மாட்டினார். குழாய் ஸ்பீக்கரை மலைப் பக்கம் திருப்பினோம். மைக்கை யாரிடம் கொடுப்பது என்று யோசித்தேன். கணவர் பேசினால் அழுவார், அழுகையைக் கேட்டால் அந்தப் பெண் குறுக்குப் பாதையிலேயே ஓடி வருவார். நானே எடுத்துக்கொண்டேன்.

மாட்டை விட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் வாய்வரை வந்தது. மாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்து ஏறிப் போனவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்.

“கிருஷ்ணவேணி, மாட்ட அவுத்து விடுங்க. அவுத்து விட்டா அது தானா எறங்கி வந்துரும். நீங்க டர்பன்டைன் காட்டு வழியா வாங்க. வந்த வழியில வராதீங்க. காட்டு வழியா வாங்க.”

இதையே மெதுவாக, அவசரம் தெரியாத குரலில், மூன்று நான்கு தடவை சொன்னேன். குரல் எதிர்ச் சரிவில் மோதித் திரும்பி வந்தது. மாட்டுப்பட்டிக்கு வெளியே கிருஷ்ணவேணி வந்து நின்றார். எங்களைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு உள்ளே போனார். மறுபடி வெளியே வந்து காட்டுப் பக்கம் நடந்தார். ஓடவில்லை, நடந்தார். மரங்களுக்குள் போனதும் பார்வைக்கு மறைந்துவிட்டார்.

அதற்குப் பிறகு பத்து நிமிடம் இருக்கும். ஒரு லொறி கல் கொட்டுவது மாதிரி சத்தம் கேட்டது. வெடிப்பு இருந்த இடத்திலிருந்து தேயிலை மலை அப்படியே நகர்ந்தது. முதலில் செடிகள் நிமிர்ந்தபடி, நிரை கலையாமல் இறங்கின. பிறகு எல்லாம் புரண்டது. தகரக்கூரை ஒரு தடவை வெயிலில் மின்னியது, பிறகு இல்லை. குறுக்குப் பாதையும் மாட்டுப்பட்டியும் பீலியும் சேர்ந்து கீழே ஓடைவரை போயின. ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்திருக்காது. பின்னால் ஒரு பச்சை மண் வாடை வந்தது.

சரிவு காட்டின் ஓரத்தைத் தொட்டதா என்று கீழிருந்து தெரியவில்லை. ராஜுவைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று பின்னால் நடந்த விசாரணையில் கேட்டார்கள். இருபது நிமிடம் என்று சொன்னேன். சுனில் பிறகு அரை மணிக்கு மேல் என்றார். காட்டுப் பாதை தோட்டத்து ரோட்டில் வந்து சேரும் வளைவில் கிருஷ்ணவேணி தெரிந்தார். கையில் மாட்டுக் கயிறு. மாடு இல்லை.

நேராக ராஜு உட்கார்ந்திருந்த படிக்கு வந்து, “எதுக்கு இப்ப அழுகுற, எல்லாரும் பாக்குறாங்க,” என்றார். பிறகு அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று யாரும் சாகவில்லை. இருபத்துநாலு குடும்பங்களுக்கு வீடு இல்லை, உடுப்பு இல்லை, அடையாள அட்டை இல்லை, கல்யாணப் படம் இல்லை. உயிர் பிழைத்ததற்கு முதல் வாரம் நன்றி சொன்னவர்கள், மூன்றாவது மாதம் கூடாரத்துக்குள் மழை ஒழுகும்போது சொல்லவில்லை. அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டைப் பற்றி நான் கிருஷ்ணவேணியிடம் பிறகு பேசினேன். கூடாரத்தில் பதிவு எடுக்கப் போன நாள் அது. அவிழ்த்துவிட்டால் மாடு தானாக இறங்கி வரும் என்று நான் மைக்கில் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பாத்திரக் கடைக்காரர் மகளுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும். கிருஷ்ணவேணி அவிழ்த்துவிட்டிருக்கிறார், மாடு நான்கு அடி நடந்துவிட்டுப் பட்டிக்கே திரும்பிப் போய்விட்டது.

“நான் சொன்னத நம்பி அவுத்தீங்க. மன்னிச்சிருங்க,” என்றேன்.

“கன்னு வலியில இருக்கிற மாடு எறங்காதுன்னு எனக்குத் தெரியும் மிஸ்.”

“தெரிஞ்சுமா வந்தீங்க?”

“மைக்குல பேரச் சொல்லிக் கூப்புட்டீங்க. தோட்டம் முழுக்கக் கேக்குது. எல்லாரும் நின்டு பாக்குறாங்க. வெக்கமாப் போச்சி மிஸ். அதான் வந்துட்டேன்.”

மாட்டை அவிழ்த்துவிடச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்ததற்காக அலுவலகத்தில் என்னை மெச்சியிருந்தார்கள். சூழ்நிலை அறிந்து பேசினார் என்று அறிக்கையில்கூட இருக்கிறது. அவரை இறக்கியது என் சாமர்த்தியம் இல்லை, வெட்கம். காலையில் அவர் மாட்டைப் பற்றிச் சொன்னபோது “பாப்போம்” என்பதற்குப் பதிலாக, “தலைவரோட காட்டு வழியாப் போறேன், உங்க மாட்ட ஓட்டிட்டு வர ஒரு ஆள கூட அனுப்புங்க” என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வெடிப்பின் நிலை எனக்குத் தெரியாது, ஆகவே அதுவும் சரியான முடிவு இல்லை. ஆனாலும் அதைப் பற்றி இரண்டு நிமிடம் அவரோடு நின்று பேசியிருந்தால் அவர் தனியாகப் போயிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து, வேறொரு மலையில் அவர்களுக்குப் புது வீடுகள் கொடுத்தார்கள். வடிகான்களைப் பார்ப்பதற்காக அங்கே போயிருந்தேன். ராஜு தன் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு கதிரை எடுத்துப் போட்டார். உள்ளே கிருஷ்ணவேணி தேத்தண்ணி ஊற்றும் சத்தம் கேட்டது. அன்றைக்குப் பிறகு ராஜு என்னோடு பேசியதே இல்லை. கூடாரத்துக்குப் போகும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார்.

“மிஸ், ஒன்னு கேக்கணும்னு இருந்தேன்.”

“கேளுங்க.”

“அன்னைக்கு என்னைய பிடிக்கச் சொன்னீங்கல்ல. அந்த நேரம் அவ செத்துட்டான்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

உள்ளே சத்தம் நின்றது.

இந்தக் கேள்விக்கு நல்ல பதில்கள் இருந்தன. உங்களைக் காப்பாற்றத்தான் என்று சொல்லலாம். ஸ்பீக்கரில் கூப்பிட்டால் வந்துவிடுவார் என்ற நம்பிக்கை இருந்தது என்று சொல்லலாம். அது பொய். அவரைப் பிடிக்கச் சொன்ன நேரத்தில் ஸ்பீக்கர் என் நினைவில்கூட இல்லை.

“செத்துட்டாங்கன்னு நெனைக்கல,” என்றேன். “அவங்க செத்தாலும் உங்கள விடுறதில்லன்னு முடிவு பண்ணினேன்.”

ராஜு கையில் இருந்த சாந்துக் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணவேணி கோப்பையோடு வாசலில் வந்து நின்றார்.

“அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்,” என்றார் ராஜு கடைசியில். சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தார். கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார்.

“தேத்தண்ணியக் குடிச்சிட்டு இந்தப் பக்கம் கொஞ்சம் வாங்க மிஸ். வீட்டுக்குப் பின்னுக்கு மண்ணு வெட்டியிருக்காங்க. நீங்க பாத்துட்டு, இருக்கலாமா வேணாமான்னு எங்கிட்ட நேரா சொல்லுங்க.”

தேத்தண்ணியை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போனேன்.